பிலோமினா தெரிவுசெய்த கார்

ஜெரோம் என்னோடு தமிழில்தான் பேசுவான். பிழைவிடுவான், நான் திருத்துவேன், அவன் சிரிப்பான். டெனிஷில் பதில் சொன்னால் எனக்குக் காது கேளாது என்று அவன் சிறு பிள்ளையாக இருந்தபோதே சொல்லிவைத்திருந்தேன். அந்தக் காலையில் தொலைபேசியை எடுத்ததும் அவன் டெனிஷில் பேசத் தொடங்கினான். முதல் வசனத்தை அவன் முடிக்கும் முன்பே நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனுடைய தாய் பிலோமினா இறந்துவிட்டார்.

வழமைபோல் காலையில் உதவிக்கு வரும் பராமரிப்புப் பெண்தான் கதவைத் திறந்து கண்டிருக்கிறாள். பிலோமினா நடையில் விழுந்து கிடந்தார். இதயம் நின்றுபோய்ச் சில மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். அருகே நிலத்தில் அவருடைய கணவர் அந்தோனி உட்கார்ந்திருந்தார். அந்தோனிக்குச் சில ஆண்டுகளாக மறதி நோய். மனைவியின் கைப்பையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்திருந்தார். பிலோமினாவின் கால்களில் சப்பாத்துகளையும் போட்டுவிட்டிருந்தார். வெளியே போகப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் டோஸ்ட்ருப்பிலும் புரொண்பியிலும் இருந்து இறுதித் திருப்பலிக்கு வந்திருந்தீர்கள். அங்கே பேசியவர்கள் பிலோமினாவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். நான் மறுக்கிறேன். பிலோமினாவிடம் பொறுமை இருக்கவில்லை. பிடிவாதம் இருந்தது, அது வேறு. கோயில் மண்டபத்தில் கோப்பி குடித்தபோது இன்னொரு கதையும் என் காதில் விழுந்தது. எழுபது வயதில், புருசன் அந்த நிலையில் இருக்க, அந்த மனிசிக்கு அவ்வளவு பெரிய கார் என்னத்துக்கு என்று கேட்டீர்கள். யார் கேட்டது என்று எழுதமாட்டேன். கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அந்தக் காரைத் தெரிவுசெய்தபோது கூட இருந்தவள் நான்.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில். இருவரும் அங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணம், சைவக் குடும்பம், ஆனால் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பிலோமினா மட்டக்களப்பு, கத்தோலிக்கர், படித்தது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில். படுக்கை விரிப்பின் மூலையை நான் மடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, முதல் வாரத்திலேயே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"ஜெபம் சொல்ற நான், கொன்வென்ற் மடிப்பு உங்களுக்கா? இனி நீங்க எனக்கு மதர்தான்."

"நீர் முதலில் அந்த மூலையை ஒழுங்காய் மடியும்," என்றேன்.

"சரி மதர்."

ஓய்வு பெறும்வரைக்கும் அவர் அந்த மூலையை ஒழுங்காய் மடிக்கவில்லை.

கரவன் வாங்கும் யோசனை அந்தோனியுடையது. காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் அந்தச் சக்கர வீட்டை டெனிஷ்காரர்கள் கோடை வந்ததும் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தோனிக்கு அதைப் பார்த்து ஆசை வந்தது. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். கல்வீட்டை விட்டுப்போட்டு இழுவை வீட்டில் போய்ப் படுக்கவோ என்றார்கள். அவர் வாங்கிவிட்டார். முதற் பயணம் யூலண்டில் நடக்கும் மாதா திருவிழாவுக்கு. நானும் என் கணவரும் பின் இருக்கையில் இருந்தோம்.

டெனிஷ்காரர் கரவனில் மடக்குக் கதிரைகளை ஏற்றுவார்கள். அந்தோனி திருவிழாச் சமையலையே ஏற்றியிருந்தார். அரிசி மூட்டைகள், தேங்காய்ச் சாக்கு, கிடாரம், மா அரைக்கும் கல் இயந்திரம். எல்லாவற்றையும் இடம் கிடைத்த பின் மூலையில் அடுக்கியிருந்தார். தீவுகளை இணைக்கும் பெரிய கடற்பாலத்தைக் கடந்ததும் நெடுஞ்சாலையில் ஓர் இறக்கம் வந்தது. கரவன் பின்னால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முன்னையதைவிடப் பெரிதாக இருந்தது. காரின் பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. அந்தோனி பிரேக்கைத் தேடினார்.

"பிரேக்க அமத்தாதீங்க!" பிலோமினா கத்தினார். "கால எடுங்க! ஸ்டியரிங்க நேரா பிடிங்க, திருப்பாதீங்க!"

அந்தோனி காலை எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. வீதியோரம் நிறுத்தினார். பிலோமினா இறங்கிப்போய் அரிசி மூட்டைகளைத் தானே இழுத்து, கரவனின் நடுவில் சக்கரங்களுக்கு மேலே கொண்டுவந்து வைத்தார். பாரம் பின்னால் இருந்தால் முன் மூக்கு எழும்பிவிடும், மூக்கு எழும்பினால் வால் ஆடும் என்று எங்களுக்கு விளக்கினார்.

"உமக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதோட ஒரு புத்தகம் தந்தாங்க. இவர் அத சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிட்டார். நான் எடுத்து வாசிச்சன்."

அந்தோனி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனி நீயே ஓட்டு," என்றார். கோபத்தில் சொன்னார். பிலோமினா உடனே ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தை அந்தோனி திரும்பப் பெறவே இல்லை. அவருக்கு வேறொரு வேலை கிடைத்தது. கரவனைக் கொழுவியதும் பின்னால் போய் நிற்பார். பிலோமினா உள்ளே இருந்து சமிக்ஞை விளக்குகளைப் போட்டு, பிரேக்கை அமத்துவார். அந்தோனி பார்த்து உரத்த குரலில் சொல்வார்: "இடது எரியுது! வலது எரியுது! பிரேக் எரியுது!" அவர் சொல்லாமல் சக்கரம் உருளாது. பல கோடைகள் அப்படிப் போயின.

மறதி வந்த பிறகு அந்தோனி வீட்டில் நிலைகொள்ளவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். ஒருமுறை பொலிசார் ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவந்தார்கள். கரவனுக்குள் மட்டும் அமைதியாக இருந்தார். அங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஒரு கதவு, ஒரு கட்டில், கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் கோப்பை. குளிர்காலத்திலும் பிலோமினா அவரைக் கூட்டிக்கொண்டு போய், தரிப்பிடத்தில் நின்ற கரவனுக்குள் கம்பளியைப் போர்த்தி உட்காரவைப்பார். வசந்தத்தில் அவர்களுடைய பழைய கார் பரிசோதனையில் தவறியது. அடிப்பக்கம் முழுவதும் துரு.

ஜெரோம் அதை ஒரு முடிவாக எடுத்துக்கொண்டான். அவன் நல்ல பிள்ளை, அதை இங்கே சொல்ல வேண்டும். கொம்யூன் என்கிற நகரசபை அதிகாரிகளோடு பேசி, முதியோர் இல்லத்தில் மறதி நோயாளருக்கான பூட்டிய பிரிவில் தகப்பனுக்கு ஓர் இடம் கேட்டிருந்தான். தாயும் நானும் சமையலறையில் இருந்தபோது வந்து சொன்னான். பிலோமினா மரக்கறி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நானும் மதரும் அந்தப் பிரிவில வேலை செய்த ஆக்கள் மனே. கோட்டப் போட்டுக்கொண்டு கதவடியில நிக்கிறவங்கள எனக்குத் தெரியும். பஸ் வரும், பஸ் வரும் எண்டு நிப்பாங்க. நாங்கதான் கையப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறது."

"அம்மா, உங்களால ஏலாது."

"இந்தக் கோடைக்கு அவரக் கடலுக்குக் கொண்டு போறன். மறுகா பாப்பம். நீ கார் பாக்க வாறியா, இல்ல மதரக் கூட்டிக்கொண்டு போகவா?"

என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு விற்பனையாளர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வேறு கதை பேசினால் அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்.

முதலாவது, ஜெரோம் சிபாரிசு செய்த சிறிய மின்சாரக் கார். அழகானது, சத்தமில்லாதது. இது எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று பிலோமினா கேட்டார். இழுப்பதற்கு இதற்கு அனுமதி இல்லை, பின்னால் கொழுக்கி பூட்டிச் சைக்கிள்களைக் கொண்டுபோகலாம் என்றார் விற்பனையாளர். பிலோமினா என்னிடம் தமிழில், "அப்ப அந்தோனியச் சைக்கிள்லதான் கட்டிக்கொண்டு போகணும்," என்றார்.

அடுத்த இடத்தில் உயரமான, பளபளப்பான வண்டி ஒன்றைக் காட்டினார்கள். சட்டப்படி உங்கள் கரவனைவிடப் பாரமானதையும் இது இழுக்கலாம் என்றார்கள். பிலோமினா, "இது எவ்வளவு இழுக்கும் எண்டு நான் கேக்கல்ல. இது எவ்வளவு நிறை?" என்று கேட்டார். விற்பனையாளர் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பொருள் ஏற்றிய கரவனைவிடக் காரின் நிறை குறைவாக இருந்தது. இயந்திரத்தின் வலுவைப் பற்றி அவர் பேசத் தொடங்க, பிலோமினா எழுந்துவிட்டார்.

வெளியே வந்து சொன்னார்: "இழுக்கிறது பெரிய காரியமில்ல அக்கா. பின்னால வாறது ஆடேக்க அசையாம நிக்கணும். அதுக்கு முன்னுக்கு நிக்கிறதுதான் பாரமா இருக்க வேணும். சட்டம் விடும். பாலத்தில காத்து விடுமா?"

மூன்றாவது இடத்தில் எனக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. கரவனின் மூக்கு காரின் கொழுக்கியில் அமரும்போது ஓரளவு பாரம் அதன்மேல் அழுத்தும். கார் பின்பக்கம் தாழ்ந்தால் முன் சக்கரங்களின் பிடி குறையும். அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று பிலோமினா சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மதர், உங்கட நிறை எழுபத்தஞ்சு வருமா?"

"அது உமக்கு என்னத்துக்கு?"

"கொழுக்கிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னால ஏறி இருங்க."

டிக்கியைத் திறந்துவிட்டார். நான் ஒரு தலைமையாசிரியரின் விதவை. நல்ல கோட்டு அணிந்திருந்தேன். காட்சியறையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஏறி உட்கார்ந்தேன். காரின் பின்பக்கம் பூனை பதுங்குவதுபோல் தாழ்ந்தது. பிலோமினா குனிந்து சக்கரத்துக்கு மேலுள்ள இடைவெளியைப் பார்த்து, "சரிவராது, இறங்குங்க," என்றார்.  வெளியே வந்து நாங்கள் சிரித்ததுபோல், என் கணவர் போன பிறகு நான் சிரித்ததில்லை.

நாலாவது கார் நீங்கள் எல்லோரும் கண்ட அந்தக் கறுப்பு நிறப் பெரிய கார். புதியது அல்ல. நீளமானது, பாரமானது, டீசலில் ஓடுவது. நான் டிக்கியில் ஏறினேன். அது அசையவில்லை. பிலோமினா உடனே சரி என்று சொல்லவில்லை. பின் கதவைத் திறந்து, முதுகை இருக்கைப் பக்கம் திருப்பி, அப்படியே பின்னுக்கு அமர்ந்து பார்த்தார். இருக்கை அவருடைய இடுப்பளவு உயரத்தில் இருந்தது. ஆளைத் தூக்காமல் இருத்தலாம், பிறகு கால்களை மட்டும் தூக்கி உள்ளே வைக்கலாம். வேலையிடத்தில் நாங்கள் கற்ற முறை அது. கடைசியாக, பின் கதவுகளை உள்ளே இருப்பவர் திறக்க முடியாதபடி பூட்டலாமா என்று கேட்டார்.

விற்பனையாளர் முகம் மலர்ந்து, "பேரப்பிள்ளைகளுக்கா?" என்றார்.

"ஓம்," என்றார் பிலோமினா. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.

அந்தக் கார் அவ்வளவு பெரிதாக இருந்ததன் காரணம் இதுதான். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது நான். தீர்த்தம் தெளித்தது அவர்களுடைய பாதிரியார்.

கோடையில் புறப்பட்டோம். நான் அந்தோனியோடு பின்னால் இருந்தேன். புறப்படுமுன் பிலோமினா குளியலறைத் தராசைக் கொண்டுவந்து, தும்புத்தடிக் கட்டையில் ஒரு துண்டை அதில் நிமிர்த்தி வைத்து, கரவனின் மூக்கை அந்தத் துண்டின்மேல் இறக்கி நிறுத்துப் பார்த்தார். அந்தோனி பின்னால் போய் நின்றார். மனைவியின் பெயர் அவருக்கு அன்று காலை நினைவில் இல்லை. ஆனால் விளக்குகளை வரிசை பிசகாமல் சொன்னார்.

பெரிய பாலத்துக்கு முன்னால் காற்று எச்சரிக்கைப் பலகை ஒளிர்ந்தது. அது அணையும்வரை ஓரிடத்தில் ஒதுங்கிக் காத்திருந்தோம். காத்திருந்ததில் அந்தோனி நிலைகுலைந்துவிட்டார். பாலத்தின் நடுவே, இருபுறமும் தண்ணீராக இருந்த இடத்தில், கதவைத் திறக்க முயன்றார். கைப்பிடி இழுபட்டது, கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் அடித்து அழத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என்னைவிடப் பலசாலி. எனக்குப் பயமாக இருந்தது. பக்கக் காற்று கரவனைத் தள்ளுவது எங்கள் இருக்கை வரைக்கும் தெரிந்தது. பிலோமினாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. தலையைத் திருப்பவில்லை.

"இஞ்சருங்க," என்றார், சமையலறையிலிருந்து கூப்பிடும் குரலில். "பின்னால லைட் எரியுதா எண்டு பாருங்க."

அந்தோனி அழுகையை நிறுத்தினார். திரும்பி, பின் கண்ணாடி வழியே கரவனைப் பார்த்தார். காரிலிருந்து அதன் விளக்குகள் தெரியாது. அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "எரியுது," என்றார். பாலம் முடியும்வரை பிலோமினா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தோனி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடற்கரையில் அவர் இரவு முழுவதும் நித்திரை கொண்டார். ஒரு நாள் காலை தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு பிலோமினாவிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "மிஸ், என்ட மனிசி எங்க போயிட்டா?"

"தண்ணி எடுக்கப் போனவ. இப்ப வருவா."

பிலோமினா தண்ணீர்க் கலனை எடுத்துக்கொண்டு இறங்கினார். கரவனை ஒருமுறை சுற்றி வந்து திரும்ப ஏறினார்.

"எங்க இவ்வளவு நேரம்?" என்று அந்தோனி ஏசினார். "அந்த மிஸ் தேத்தண்ணி தந்தவ."

"நல்ல மனிசி," என்றார் பிலோமினா. அவர் அழவில்லை. எனக்கும் அழ அனுமதி இருப்பதாகத் தோன்றவில்லை.

கோடை முடிந்தது. "மறுகா பாப்பம்" என்றவர் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் அந்தோனியை அவரே குளிப்பாட்டினார், அவரே தூக்கினார். உதவிக்கு ஒரு நாளில் ஒரு தரம்தான் ஆள் வர விட்டார். பிலோமினாவின் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரியத் தொடங்கியது. குளியலறைத் தராசைக் காட்டி, அதில் ஏறி நில்லும் என்றேன்.

"அது கரவன நிறுக்கிறதுக்கு," என்றார்.

"இழுக்கிறதுதான் பாரமாக இருக்க வேண்டும் என்று சொன்னது நீர். அது உமக்குப் பொருந்தாதோ?"

தராசைக் காலால் சுவரோரம் தள்ளிவைத்தார். பிறகு, "கார் சரியில்லாட்டி வேற கார் பாக்கலாம் அக்கா. இதுக்கு வேற ஆளில்ல," என்றார்.

அந்த வாக்கு பிழை. ஜெரோம் இருந்தான், நான் இருந்தேன், கொம்யூன் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். பிழையைப் பிழை என்று எழுதாவிட்டால், அவர் மதர் என்று கூப்பிட்டதற்கு அர்த்தமில்லை. ஒரு காருக்குப் பார்த்த பார்வையில் பாதியை அவர் தனக்குப் பார்த்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த வாரமே அந்தோனியைப் பூட்டிய பிரிவில் சேர்த்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. எதைத் தடுக்கப் பிலோமினா உயிரைக் கொடுத்தாரோ அது சில நாட்களில் நடந்து முடிந்தது. கரவனை ஜெரோம் விற்றுவிட்டான். காரை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் என்னை ஏற்றிக்கொண்டு தகப்பனிடம் போகிறான்.

அந்தோனி கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறார். பிலோமினா சொன்னது போலவே நிற்கிறார். அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவருவது இப்போது நான். பிலோமினாவும் அவரைப் பூட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் அவர் பூட்டிய கதவு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ஞாயிறு நாங்கள் புறப்படும்போது அந்தோனி யன்னலருகே நின்றார். கீழே தரிப்பிடத்தில் நான் ஏறுமுன் ஜெரோம் காரை எடுக்க, பிரேக் அமத்த, பின் விளக்குகள் சிவந்தன. மேலே கண்ணாடிக்கு அப்பால் அந்தோனியின் வாய் அசைவதைக் கண்டேன்.

"அப்பா என்ன சொல்றார், அன்ரி?" ஜெரோம் கேட்டான். தமிழில் கேட்டான்.

நான் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தான்.

பிலோமினாவின் பொருட்களில் எதையும் நான் எடுக்கவில்லை. சிலுவை மாலையைத் தந்தார்கள், அது எனக்குரியதல்ல என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். ஞாயிறு மாலையில் அந்தக் காரில் ஏறியதும் ஜெரோமை உடனே ஓட்ட விடமாட்டேன். முதலில் இடது விளக்கைப் போடச் சொல்வேன், பிறகு வலது, பிறகு பிரேக். யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இழுத்துச் செல்லப் பின்னால் எதுவுமில்லை. சில கிழமைகளில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தோனியின் வாய் அசைந்ததும், "எரியுது எண்டு சொல்லிட்டார். இனிப் போகலாம்," என்பேன்.